நீர்நிலைக் காப்பும் மாநிலங்களின் கடமையும்

நெசவாளருக்கும் உழவருக்கும் பொதுவான முதற்பொருள் நீர். நூலை வெளுக்கவும், சாயம் ஏற்றவும், அலசவும் நல்ல நீர் வேண்டும். பயிருக்கு வேண்டியதும் அதே நீர்தான். பட்டறையிலிருந்து வெளியேறும் நீர் ஓடையிற் சேர்கிறது. ஓடை நீர் வயலுக்கும் கிணற்றுக்கும் செல்கிறது. ஆதலின் ஓடையைக் காக்கும் சட்டம் யாது, அதனை இயற்றுவோர் யாவர், அது தளர்ந்தால் காப்பவர் யார் என்னும் கேள்விகள் வழக்கறிஞர்களுக்கு மட்டும் உரியவை அல்ல. சங்க அங்கத்தினர் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டியவை அவை.

இம்மாதப் பாடத்தில் இக்கேள்விகளை ஐக்கிய அமெரிக்க நாட்டின் அனுபவத்தைக் கொண்டு ஆராய்வோம். அந்நாட்டில் ஐம்பது ஆண்டுகளாக நீர்நிலைகளைக் காத்துவந்த ஒரு மத்தியச் சட்டம், 2023ஆம் ஆண்டில் ஒரே தீர்ப்பினால் பெரிதும் சுருங்கிற்று. அதன் பின்னர்ச் சில மாநிலங்கள் தாமே முன்வந்து காப்பு ஏற்படுத்திக்கொண்டன; வேறு சில உள்ள காப்பையும் கைவிட்டன. இவ்விரு வழிகளையும் ஒப்பிட்டுப் பார்ப்பது நமக்கு நல்ல படிப்பினையாகும்.

சட்டம் பிறந்த வரலாறு

1969ஆம் ஆண்டு ஜூன் 22ஆம் தேதி, ஒஹையோ மாநிலத்தின் கிளீவ்லண்டு நகரில் கயஹோகா ஆறு தீப்பற்றி எரிந்தது. ஆறு எரிந்தது என்றால் நம்புவது அரிது. ஆயினும் தொழிற்சாலைகள் விட்ட எண்ணெயும் கழிவும் நீரின் மேல் படர்ந்திருக்க, அவற்றில் தீப்பொறி விழுந்ததே காரணம். அதற்கு முன்னரும் அவ்வாறு பல முறை எரிந்ததுண்டு. இம்முறை நாடு முழுவதும் மக்கள் விழித்துக்கொண்டனர்.

1972ஆம் ஆண்டு அக்டோபர் 18ஆம் தேதி தூய நீர்ச் சட்டம் நிறைவேறிற்று. செலவு மிகுதி என்று ஜனாதிபதி நிக்ஸன் அம்மசோதாவை மறுத்தார். பாராளுமன்றமாகிய காங்கிரசின் இரு சபைகளும் அவர் மறுப்பைத் தள்ளிச் சட்டமாக்கின. அச்சட்டத்தின் சாரம் இரண்டு விதிகள். முதலாவது, அனுமதிச் சீட்டு இல்லாமல் குழாய் அல்லது வாய்க்கால் வழியாக எவரும் கழிவை நீர்நிலையில் விடக்கூடாது. இரண்டாவது, அனுமதி இல்லாமல் எவரும் நீர்நிலையிலோ சதுப்பு நிலத்திலோ மண் கொட்டித் தூர்க்கக்கூடாது.

இச்சட்டத்தில் மற்றொரு முக்கியமான ஏற்பாடும் உண்டு. மத்திய அளவு என்பது தரைமட்டம் போன்றது. எந்த மாநிலமும் அதற்குக் கீழே இறங்கக் கூடாது. ஆனால் அதற்கு மேலே எவ்வளவு உயரமாகவேனும் தனக்கெனச் சுவர் எழுப்பிக்கொள்ளலாம். பின்னர் நடந்தவற்றை விளங்கிக்கொள்ள இவ்வேற்பாட்டை நினைவில் வைத்தல் வேண்டும்.

"நீர்" என்பது எது?

சட்டம் காக்கும் பொருளுக்கு அது இட்ட பெயர் "ஐக்கிய நாடுகளின் நீர்நிலைகள்" என்பது. பேராறு அதில் அடங்கும் என்பதில் ஐயமில்லை. ஆற்றில் விழும் ஓடை? ஓடையை ஒட்டிய சதுப்பு? மழைக் காலத்தில் மட்டும் நீர் ஓடும் பள்ளம்? இவற்றைப் பற்றிச் சட்டம் தெளிவாகச் சொல்லவில்லை. ஐம்பது ஆண்டுப் பூசல் முழுவதும் இந்தச் சிறு சொற்றொடரைச் சுற்றியே நடந்தது.

1985இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், நீர்நிலையை அடுத்துள்ள சதுப்பு நிலமும் சட்டத்தில் அடங்கும் என்றது. 2001இல், தனித்து நிற்கும் குட்டைகளைப் பறவைகள் வந்து தங்குகின்றன என்ற காரணத்துக்காக மட்டும் சேர்க்கலாகாது என்றது. 2006இல் நீதிபதிகள் ஒரு முடிவுக்கு வர இயலாமல் பல கருத்துக்களாகப் பிரிந்தனர். 2015இல் ஓர் அரசாங்கம் எல்லையை விரித்து விதி செய்தது. 2020இல் அடுத்த அரசாங்கம் சுருக்கி விதி செய்தது. 2021இல் ஒரு நீதிமன்றம் அவ்விதியை ரத்துச் செய்தது. ஊசல் இப்புறமும் அப்புறமும் ஆடியது போல ஆயிற்று.

இறுதியாக வந்தது ஸாக்கெட் வழக்கு. ஐடஹோ மாநிலத்தில் ப்ரீஸ்ட் ஏரிக்கு அருகே ஒரு தம்பதியர் மனை வாங்கி, வீடு கட்டுவதற்காக ஜல்லி கொட்டத் தொடங்கினர். அது சதுப்பு நிலம், தூர்க்கக்கூடாது என்று மத்தியச் சுற்றுச்சூழல் காப்பு நிறுவனம் தடுத்தது. மனைக்கும் அருகிலிருந்த நீரோட்டத்துக்கும் இடையே 30 அடிச் சாலை ஒன்று கிடந்தது. 2023ஆம் ஆண்டு மே 25ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தம்பதியர்க்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. வழக்கின் முடிவில் ஒன்பது நீதிபதிகளும் ஒத்திருந்தனர். ஆனால் சட்டத்தின் எல்லை எது என்பதில் ஐவர் ஒரு பக்கமும் நால்வர் மறுபக்கமும் நின்றனர். ஐவர் வகுத்த எல்லை இது: ஏறக்குறைய நிலையாக நீர் நிற்கும் அல்லது ஓடும் ஆறு, ஓடை, ஏரி ஆகியவையே காப்புக்குரியவை, சதுப்பு நிலமாயின், அத்தகைய நீரோடு மேற்பரப்பில் இடையறாத தொடர்பு உடையதாய், எது நீர் எது சதுப்பு என்று பிரித்தறிய இயலாதபடி இருத்தல் வேண்டும்.

இதன் விளைவு யாது? மழை பெய்தபோது மட்டும் ஓடும் காட்டோடைகள் மத்தியக் காப்பை இழந்தன. ஆற்றுக்கும் சதுப்புக்கும் இடையே ஒரு கரை இருந்தால், அடியில் நீர் ஊறிக்கொண்டிருந்தாலும் அச்சதுப்பு காப்பை இழக்கும் நிலை ஏற்பட்டது. 2025 நவம்பரில் மத்திய அரசாங்கம் இவ்வெல்லையை இன்னும் குறுக்கும் வரைவு விதி ஒன்றையும் வெளியிட்டது.

சிற்றோடையும் சதுப்பும் செய்யும் வேலை

ஆண்டில் பத்து மாதம் வறண்டு கிடக்கும் பள்ளத்துக்கு இத்தனை வாதம் எதற்கு என்று சிலர் கேட்கலாம். நம் உழவர் அவ்வாறு கேட்கமாட்டார். ஏரிக்கு நீர் கொண்டுவருவது வரத்து வாய்க்காலே என்பதையும், வரத்து அடைபட்டால் ஏரி வெறும் மைதானம் என்பதையும் அவர் அறிவார். ஆறுகளுக்கும் இதுவே முறை. பேராறு என்பது ஆயிரம் சிற்றோடைகளின் கூட்டு. அமெரிக்க மக்களுள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர், அதாவது சுமார் 11 கோடியே 70 லட்சம் பேர், ஓரளவேனும் இத்தகைய தலைமடை ஓடைகளையும் பருவ ஓடைகளையும் நம்பியிருக்கும் ஏற்பாடுகளிலிருந்தே குடிநீர் பெறுகின்றனர் என்று அந்நாட்டுச் சுற்றுச்சூழல் காப்பு நிறுவனம் கணக்கிட்டிருந்தது. வறண்ட பள்ளத்தில் இன்று கொட்டிய கழிவு, அடுத்த மழையில் ஆற்றுக்கு வந்தே தீரும்.

சதுப்பு நிலத்தின் பணி வேறு. அது வெள்ளத்தைத் தேக்கி மெல்ல விடுகிறது, வண்டலைப் படியவைக்கிறது, வயலிலிருந்து வழியும் உரத்தின் நைட்ரேட்டை அங்குள்ள நுண்ணுயிர்கள் காற்றாக மாற்றி அகற்றுகின்றன. ஓர் ஏக்கர் சதுப்பு, ஓர் அடி ஆழத்துக்கு நீரைத் தாங்கினால், அது தாங்கும் நீர் சுமார் 12 லட்சத்து 33 ஆயிரம் லிட்டர். அவ்விடத்தைத் தூர்த்துவிட்டால் அத்தனை நீரும் வேறோரிடம் தேடும். அவ்விடம் கீழேயுள்ளவர் வீடாகவோ வயலாகவோ இருக்கும்.

கொலராடோ காட்டிய வழி

கொலராடோ மலை மாநிலம். ரியோ கிராண்டே, கொலராடோ, ஆர்க்கன்ஸா, தென் பிளாட் ஆகிய ஆறுகள் அங்கே தோன்றிப் பல மாநிலங்களுக்குப் பாய்கின்றன. அம்மாநிலச் சட்டம் முன்பே, மாநிலத்துக்குள் உள்ள மேல்நீர், நிலத்தடி நீர் யாவற்றையும் "மாநில நீர்" என்று விரிவாக வரையறுத்திருந்தது. எனவே அங்கே கவலையில்லை என்று தோன்றக்கூடும். ஆனால் நடைமுறையில் ஒரு குறை வெளிப்பட்டது. மண் கொட்டுதல், தோண்டுதல் ஆகியவற்றுக்கு அனுமதி வழங்கும் ஏற்பாட்டை மாநிலம் தனியே வைத்திருக்கவில்லை. மத்தியப் பொறியாளர் படையின் அனுமதியையே நம்பியிருந்தது. மத்திய எல்லை சுருங்கியதும், ஒரு சதுப்பைத் தூர்க்க விரும்புபவர் யாரிடம் விண்ணப்பிப்பது, யார் பார்வையிடுவது, எந்த நிபந்தனை விதிப்பது என்பவை தெரியாமற் போயின. சட்டத்தில் சொல் இருந்தது. அச்சொல்லைச் செயலாக்கும் கருவி இல்லை.

2024இல் சட்டசபையில் இக்குறையை நீக்க இரு மசோதாக்கள் வந்தன. வீடு கட்டுவோர், சுரங்கத்தார், உழவர், நகரசபைகள், நீர்ச் சங்கங்கள் ஆகியோர் யாவரும் தத்தம் வாதங்களை முன்வைத்தனர். முடிவில் நிறைவேறிய சட்டத்தில் ஆளுநர் ஜாரெட் போலிஸ் 2024 மே 29ஆம் தேதி கையொப்பமிட்டார். ஸாக்கெட் தீர்ப்புக்குப் பின் இழந்த காப்பை முழு அளவில் மீட்கச் சட்டம் இயற்றிய முதல் மாநிலம் இதுவே.

இச்சட்டத்தின் மூன்று கூறுகள் கவனிக்கத்தக்கவை. முதலாவது, அனுமதி வழங்கும் பொறுப்பை மாநில நீர்த்தரப் பிரிவிடம் ஒப்படைத்து, 2025 இறுதிக்குள் விதிகள் வகுக்க வேண்டும் என்று காலக்கெடு வைத்தது. இரண்டாவது, கேடு செய்யாமல் தவிர்க்க முடியுமா என்று முதலிற் பார்க்க வேண்டும். முடியாதெனில் குறைக்க வேண்டும். எஞ்சிய கேட்டுக்கு வேறிடத்தில் ஈடுசெய்ய வேண்டும் என்னும் வரிசையை நிறுவிற்று. மூன்றாவது, வழக்கமான உழவு, மேய்ச்சல், பாசன வாய்க்கால் பராமரிப்பு, பண்ணைக் குட்டை முதலியவற்றுக்கு விலக்கு அளித்தது. வாய்க்காலில் தூர் வாருவதற்கும் அனுமதி கேட்டு அலையவேண்டும் என்றால் உழவர் அச்சட்டத்தை வெறுப்பர். வெறுக்கப்படும் சட்டம் நிலைக்காது. இதனை அவர்கள் உணர்ந்திருந்தனர்.

நியூ மெக்சிகோவும் வாய்க்கால் சங்கங்களும்

கொலராடோவில் தோன்றும் ரியோ கிராண்டே அடுத்துப் பாய்வது நியூ மெக்சிகோவில். அது வறண்ட நாடு. அங்குள்ள ஓடைகளிற் பெரும்பாலானவை மழைக்கு மட்டும் ஓடுபவை. ஆதலின் ஸாக்கெட் தீர்ப்பினால் மிகுதியாகப் பாதிக்கப்பட்ட மாநிலங்களுள் அது ஒன்றாயிற்று. அதோடு, கழிவு விடுவதற்கான மத்திய அனுமதிச் சீட்டுகளைத் தாமே வழங்கும் அதிகாரத்தைப் பெறாதிருந்த மாநிலங்கள் மூன்றே. மாசசூசெட்ஸ், நியூ ஹாம்ப்ஷயர் ஆகியவற்றோடு நியூ மெக்சிகோ மூன்றாவது. நிலத்தடி நீருக்கு மாநில அனுமதி முறை இருந்தது, மேல்நீருக்கு இல்லை. மத்தியக் காவலர் விலகியதும் காவலே இல்லை என்னும் நிலை.

நம் கூட்டுறவாளர்க்குச் சுவை தரும் ஒரு செய்தி இங்கே உண்டு. அம்மாநிலத்தில் "அஸேக்கியா" எனப்படும் ஊர்ப் பாசன வாய்க்கால்கள் ஏறக்குறைய 700 உள்ளன. ஸ்பானியர் குடியேறிய காலந்தொட்டு வருபவை அவற்றுட் பல. பெயரோ அரபு மொழியிலிருந்து வந்தது. ஒவ்வொரு வாய்க்காலுக்கும் பாசனதாரர் கூடி மூன்று நிர்வாகிகளையும், நீர்ப் பங்கீட்டைக் கவனிக்க "மயோர்டோமோ" என்னும் மேற்பார்வையாளரையும் தேர்ந்தெடுக்கின்றனர். வசந்த காலத் தொடக்கத்தில் அங்கத்தினர் யாவரும் மண்வெட்டியோடு வந்து வாய்க்காலைத் துப்புரவு செய்கின்றனர். வர இயலாதவர் கூலியாள் அனுப்புகிறார் அல்லது பணம் கட்டுகிறார். நம் நாட்டுக் குடிமராமத்தையும் நீர்க்கட்டியையும் அறிந்தவருக்கு இது புதிதன்று. ஆனால் வாய்க்காலை எவ்வளவு ஒழுங்காகத் தூர் வாரினாலும், மேலேயுள்ள வறண்ட ஓடையில் ஒருவர் கழிவு கொட்டினால் வாய்க்கால் சங்கம் என்ன செய்ய முடியும்? சங்கத்தின் ஒழுங்கு மதகு வரையில்தான்; மதகுக்கு மேலே சட்டம் வேண்டும்.

2025 ஏப்ரலில் அம்மாநில ஆளுநர் மிஷேல் லூஹான் கிரிஷாம் கையொப்பமிட்ட சட்டம் இக்குறையைத் தீர்க்க முற்பட்டது. மத்திய எல்லைக்குள் உள்ள நீருக்கு அனுமதி வழங்கும் பொறுப்பை மாநிலமே ஏற்கவும், அவ்வெல்லைக்கு வெளியே தள்ளப்பட்ட ஓடைகளுக்கும் சதுப்புகளுக்கும் மாநில அனுமதி முறை அமைக்கவும் அது வழி செய்தது.

எதிர்வழி சென்றோர்

எல்லா மாநிலங்களும் இவ்வழியே சென்றன என்று எண்ணலாகாது. வட கரோலினாவில், மத்தியச் சட்டத்தில் அடங்காத தனிச் சதுப்புகளுக்கு மாநிலம் தனக்கென விதிகள் வைத்திருந்தது. 2023 ஜூனில் அங்குள்ள சட்டசபை, மாநிலம் காக்கும் சதுப்பு என்பது மத்திய வரையறையில் அடங்குவது மட்டுமே என்று சட்டம் செய்தது. ஆளுநர் ராய் கூப்பர் மறுத்தும் சட்டசபை அவர் மறுப்பைத் தள்ளிற்று. ஸாக்கெட் தீர்ப்பு வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. மத்தியக் கூரை சுருங்கிய அதே நேரத்தில் மாநிலக் கூரையும் அதே அளவுக்கு வெட்டப்பட்டது.

இதற்கு நேர்மாறாக, கலிபோர்னியா 1969ஆம் ஆண்டிலேயே, மத்தியச் சட்டத்துக்கு மூன்று ஆண்டுகள் முன்னரே, தன் எல்லைக்குள் உள்ள மேல்நீர், நிலத்தடி நீர் யாவற்றுக்கும் தனிச் சட்டம் இயற்றியிருந்தது. மினெசோட்டா 1991இல் சதுப்புக் காப்புச் சட்டம் கொண்டுவந்தது. மத்தியில் ஊசல் ஆடிய காலமெல்லாம் இம்மாநிலங்களின் ஓடைகள் அதிகம் ஆடவில்லை. வெள்ளம் வருமுன் கரை கட்டியவர் நிலை இதுவே.

மாநிலக் காப்பின் வரம்பு

மாநிலம் காத்தாற் போதும், மத்திய விதி வேண்டுவதில்லை என்று முடிவு கட்டுவதும் தவறாகும். இதற்குக் காரணங்கள் மூன்று.

ஒன்று, ஆறு மாநில எல்லையை மதிப்பதில்லை. கீழ் மாநிலம் எவ்வளவு கடுமையாகச் சட்டம் செய்தாலும், அச்சட்டம் மேல் மாநிலத்துப் பட்டறையைக் கட்டுப்படுத்தாது. கொலராடோ தன் ஓடைகளைக் காத்ததன் பயன் நியூ மெக்சிகோவுக்கும் கிட்டுகிறது. அது காவாதிருந்தால் அதன் தீங்கும் நியூ மெக்சிகோவுக்கே.

இரண்டு, பணமும் ஆட்களும். பார்வையாளர், பரிசோதனைச் சாலை, வழக்கறிஞர் ஆகிய இவர்களின்றிச் சட்டம் வெறும் ஏடு. சிறிய, வசதி குறைந்த மாநிலங்களுக்கு இச்சுமை பெரிது.

மூன்று, போட்டி. ஒரு மாநிலம் விதியைத் தளர்த்தினால் தொழில் அங்கே போய்விடும் என்று அஞ்சி அடுத்த மாநிலமும் தளர்த்தக்கூடும். எல்லாருக்கும் பொதுவான தரைமட்டம் இருப்பதன் பயன் இங்கேதான் விளங்குகிறது. ஆகவே மத்தியத் தரைமட்டமும் வேண்டும். அது தாழ்ந்தாலும் நிற்கக்கூடிய மாநிலச் சுவரும் வேண்டும்.

நமக்கு இதிலுள்ள பாடம்

நம் அரசியல் சாசனத்தில் நீர் என்பது பெரும்பாலும் மாநிலங்களின் அதிகாரத்தில் உள்ளது. 1974ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தைச் சில மாநிலங்களின் தீர்மானங்களைக் கொண்டு, 252ஆம் ஷரத்தின்படி பாராளுமன்றம் இயற்றிற்று. பிற மாநிலங்கள் தீர்மானத்தால் ஏற்றுக்கொண்டன. தமிழ்நாட்டின் மாசுக் கட்டுப்பாடு வாரியம் 1982இல் அமைந்தது. 2024இல் பாராளுமன்றம் இச்சட்டத்தைத் திருத்திற்று. பல குற்றங்களுக்கு இருந்த சிறைத் தண்டனை நீங்கி, 10,000 ரூபாய் முதல் 15 லட்சம் ரூபாய் வரை பண அபராதம் வந்தது. சில தொழில் வகைகளுக்கு முன் இசைவிலிருந்து விலக்கு அளிக்கவும் மத்திய அரசாங்கம் அதிகாரம் பெற்றது. இத்திருத்தம் முதலில் இமாசலப் பிரதேசத்துக்கும் ராஜஸ்தானுக்கும் யூனியன் பிரதேசங்களுக்குமே உரியதாயிற்று; பிற மாநிலங்கள் சட்டசபைத் தீர்மானத்தின் வழியாகவே ஏற்க இயலும். கதவின் தாழ் மாநிலத்தின் கையில் உள்ளது என்பது இதன் பொருள். மத்திய அளவினும் கடுமையான கழிவளவை விதிக்க மாநில வாரியத்துக்கும் அதிகாரம் உண்டு.

காப்பு தளர்ந்தால் வருவது யாது என்பதை அயல்நாட்டிற் போய்த் தேட வேண்டுவதில்லை. நொய்யல் ஆற்றின் குறுக்கே பாசனத்துக்கென 1992இல் முடிந்த ஒரத்துப்பாளையம் அணை, சாயக் கழிவு தேங்கும் இடமாயிற்று. சாயம் பிடிப்பதற்காக இடும் உப்பு, வண்ணத்தைப் போலக் கண்ணுக்குத் தெரிவதில்லை. மண்ணில் வடிகட்டினாலும் நீங்குவதில்லை. கிணறுகள் உவர்த்தன, நிலம் கெட்டது. இறுதியில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவினால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. உழவர் முதலில் நிலத்தை இழந்தனர். பின்னர்ச் சாயத் தொழிலாளர் வேலையை இழந்தனர். கழிவை ஆற்றில் விட்டதால் மிச்சமான பணம் ஒருவருக்கும் நிலைக்கவில்லை. ஆகவே விதி கடுமையானால் தொழில் கெடும் என்பது பாதி உண்மையே. விதி இல்லாமலிருந்தாலும் தொழில் கெடும், சற்றுத் தாமதமாக.

சங்கங்கள் செய்யக்கூடியவை சில உண்டு. தம் எல்லையில் உள்ள ஓடை, பள்ளம், வாரி ஆகியவற்றைக் கிராமக் கணக்கிலுள்ள சர்வே எண்ணோடு பட்டியலிட்டு வைத்தல். ஆண்டுக்கு இருமுறை கிணற்று நீரையும் ஓடை நீரையும் பரிசோதித்துப் பதிவேட்டில் எழுதுதல். நெசவாளர் சங்கமும் உழவர் சங்கமும் ஒருவரையொருவர் குற்றஞ்சாட்டாமல் கூடிப் பேசிப் பொதுச் சுத்திகரிப்புக்கு வழி தேடுதல். நீர்ச் சட்டம் பற்றிய தீர்மானம் சட்டசபைக்கு வரும்போது தம் கருத்தை எழுத்தில் அனுப்புதல். ஓடை எங்கே இருந்தது என்று காட்ட ஏடு இல்லையெனில், அது மறைந்தபின் வாதாட இடமில்லை.

மேலேயிருப்பவர் காப்பார் என்று கீழேயிருப்பவர் உறங்கினால், மேலே தளரும் நாளில் கீழே ஒன்றும் இராது. மாநிலத்துக்கு இது பொருந்துவது போலவே சங்கத்துக்கும் பொருந்தும்.

படிப்பு வட்டத்தில் விவாதிக்கச் சில வினாக்கள்

1. மத்தியச் சட்டத்தைத் தரைமட்டம் என்று கூறுவதன் பொருள் யாது?

2. மழைக்கு மட்டும் ஓடும் ஓடையைக் காப்பதால் கீழேயுள்ள ஆற்றுக்கு என்ன நன்மை?

3. கொலராடோவில் "மாநில நீர்" என்னும் சொல் சட்டத்தில் இருந்தும் அது போதாமற் போனது ஏன்?

4. உழவருக்கு அளித்த விலக்கு அச்சட்டத்துக்கு வலிமையா, பலவீனமா?

5. நம் ஊரின் ஓடைகள் எத்தனை? அவற்றுள் எவை கிராமக் கணக்கில் உள்ளன, எவை நிலத்தில் உள்ளன?